சுவருக்குப் பின்னால் முப்பத்து நான்கு தொன்

சுவரை உடைத்தவளே அவள்தான் என்பதுபோல எல்லோரும் சிவரூபினியிடமே வந்தார்கள்.

உடைத்தது அவளல்ல. 2022 செப்டம்பர் கடைசியில், பழைய எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றிவிட்டு மரக்குறுணலில் எரியும் புதிய வெப்பமூட்டியைப் பொருத்துவதற்கு ஒரு நிறுவனம் வந்திருந்தது. குறுணல் கொட்டிவைக்க இடம் போதவில்லை என்று கீழ் நிலவறையின் வடக்குச் சுவரில் வழி வெட்டினார்கள். கல்லுச் சுவருக்குப் பின்னால் மண் இருக்கும் என்றுதான் வரைபடம் சொன்னது. மண் இருக்கவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்று இருந்தது. அதுவும் விழுந்தபோது, உள்ளேயிருந்து நிலக்கரி சரசரவென்று சரிந்து வந்து கொத்தனாரின் முழங்கால் வரை நின்றது. கொத்தனார் கால்களை இழுத்தெடுத்துக்கொண்டு மேலே வந்து, கைகளைக் கழுவி, இது தங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு ஆட்களோடு வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சிவரூபினி அந்தக் கட்டடத்தின் ஹவுஸ்வார்ட். படிக்கட்டுத் துடைப்பது, குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுப்பது, பனி தள்ளுவது, சலவை அறையில் யாருடைய முறை என்று சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் அவள் வேலை. ஓல்டனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஆற்றோரமாக நிற்கும் அந்த நான்கு மாடிக் கட்டடம் ஒருகாலத்தில் கம்பளி ஆலை. ஆட்டு மயிரைக் கழுவி, நூற்று, சாயம் போட்டு அனுப்பிய இடம். எழுபதுகளில் ஆலை மூடப்பட்டு, பிறகு முப்பத்தாறு வீடுகளாகப் பிரிக்கப்பட்டது. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம். வாசலில் ஆலையின் சரித்திரம் எழுதிய பலகை ஒன்று இருந்தும், அதில் படிந்த புறா எச்சத்தைத் தவிர வேறெதையும் அவள் கவனித்துப் பார்த்ததில்லை.

சூரிச்சில் இருந்த நிர்வாக அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். ஃபிராவ் கேகி என்ற பெண் பொறுப்பாளர், அதை அப்புறப்படுத்துங்கள் என்று ஒரே வசனத்தில் சொல்லி வைத்துவிட்டார். நடைபாதையில் கிடக்கும் பழைய சைக்கிளைச் சொல்வது போல இருந்தது.

குப்பை எரிக்கும் நிலையத்தார் ஆய்வுக்கூட அறிக்கை இல்லாமல் எடுக்கமாட்டோம் என்றார்கள். ஆய்வுக்கூடத்தார் மாதிரி எடுக்க வருவதற்கு நிர்வாகத்தின் கையெழுத்துக் கேட்டார்கள். தீயணைப்பு மேற்பார்வையாளர் வந்து பார்த்து, குடியிருப்பின் கீழே இவ்வளவு எரிபொருளை வைத்திருப்பது விதிக்கு மாறானது, பதினான்கு நாளில் வெளியேற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் போன மறுநாள் கன்டோன் என்ற மாகாண அரசின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாங்கள் வந்து பார்க்கும்வரை ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது. வருவதற்கு ஐந்து கிழமையாகும். சிவரூபினி இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து இரண்டு தரம் வாசித்தாள். தன்னுடைய ஜெர்மன்தான் பிழையோ என்று நினைத்து, பேர்னில் சட்டம் படிக்கும் மகள் ஹரிஷாவுக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

ஹரிஷா உடனே எடுத்தாள்.

"அம்மா, நீங்கள் விளங்கினது சரிதான். ரெண்டு பேரும் ரெண்டு விதமாத்தான் எழுதியிருக்கினம்."

"அப்ப நான் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது?"

"ஒருத்தருக்கும் இனிப் போன் எடுக்காதேங்கோ. எல்லாத்தையும் ஈமெயிலிலை கேளுங்கோ. எழுத்திலை இருந்தால்தான் பிறகு உங்கடை தலையிலை விழாது."

"எழுதி முடிக்கிறதுக்குள்ளை குளிர்காலம் முடிஞ்சிடும், பிள்ளை."

குளிர்காலம் முடியவில்லை, தொடங்கியது. பழைய கொதிகலன் கழற்றப்பட்டுவிட்டது. புதியதை வைக்க வழியில்லை. முற்றத்தில் வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்திய வெப்பமூட்டும் கொள்கலன் ஒன்று லொறி போல இரைந்துகொண்டு, பதினெட்டுப் பாகைக்கு மேல் வீடுகளைச் சூடாக்க மறுத்தது. கிழக்கே தொடங்கிய போரால் அந்த வருடம் நாடு முழுவதும் எரிவாயு வருமோ வராதோ என்ற கதையாகவே இருந்தது. மின்சாரத்தைச் சேமியுங்கள், குளிக்கும்போது நேரத்தைக் குறையுங்கள் என்று வானொலி ஓயாமல் சொன்னது. அப்படியான நேரத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, யாரைக் கேட்டாரோ தெரியாது, நிலவறைக்குள் புகுந்து படம் எடுத்துப் போட்டுவிட்டார். ஐந்து பந்திச் செய்தியில் அவள் பெயர் இல்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் அவள் படி கூட்டும் தும்புத்தடி தெரிந்தது.

அதற்குப் பிறகு நிலக்கரி தானாகவே குறையத் தொடங்கியது. விறகடுப்பு உள்ள ஆறு வீட்டுக்காரர்கள் கடைப்பைகளில் அள்ளிக்கொண்டு மேலே போனார்கள். ஒருவரும் கண்ணில் படவில்லை. படிகளில் கறுப்புத் தடம் மட்டும் நான்காம் மாடி வரை போயிருந்தது. அவள் காலையில் துடைத்தாள். மாலையில் மறுபடியும் இருந்தது. நிலவறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். தீ விதிப்படி அந்தக் கதவைப் பூட்டக்கூடாது என்று யாரோ நிர்வாகத்துக்கு எழுத, பூட்டைக் கழற்றினாள். பிறகு புகைபோக்கி துப்புரவாக்குபவர் வந்து, விறகடுப்பில் நிலக்கரி எரித்தால் அடுப்பு வெடிக்கும், இந்த வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒருவருமில்லையா என்று அவளைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவள் மூன்று மொழிகளில் அறிவித்தல் எழுதி ஒட்டினாள். யாரோ அதில் இரண்டு இலக்கணப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தார்கள். நிலக்கரி போவது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரிம்பாக் தமிழ்க் கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவளைத் தம்பித்துரை அண்ணை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ரெண்டு உரப்பை தந்தால் காணும். வாற சனிக்கிழமை மகன்ரை பிறந்தநாளுக்கு இறைச்சி வாட்ட இருக்கிறம்."

"அண்ணை, அது அடுப்புக்கரி இல்லை, நிலக்கரி. அதிலை வாட்டினால் வாயிலை வைக்கேலாது."

"கரி கரிதானே."

"இல்லையண்ணை. உண்மையாச் சொல்லுறன்."

தம்பித்துரை அண்ணை நம்பவில்லை. சரி, தர விருப்பமில்லையென்றால் விடு என்று சொல்லிவிட்டு நடந்தார். கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது கணவன் ரவீந்திரன் சிரித்தான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவன், எதற்கும் பதறாதவன். அவன் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நவம்பர் முதல் கிழமையில் ஹெர் பூர்கி கதவைத் தட்டினார்.

முப்பத்தாறு வீட்டுக்காரரிலும் அவளுக்கு அதிகம் தலையிடி கொடுத்தவர் அவர். எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர், தனி ஆள். சலவை இயந்திரம் நான்கு நிமிடம் பிந்தி நின்றதற்கும், பக்கத்து வீட்டுப் பூச்சட்டி ஒன்றரை சாண் வெளியே நீட்டியதற்கும் மின்னஞ்சல் எழுதுபவர். கரித் தடத்தைப் பற்றித்தான் முறையிட வந்திருக்கிறார் என்று நினைத்து, துடைத்துவிட்டேன் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். அவர் அதைக் கேட்கவில்லை. கையில் அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் இருந்தன. மக்கள் அள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று அளக்க வேண்டும், ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேவை என்றார்.

எதற்கு என்று கேட்டாள்.

அவர் சொன்ன கதை நீளமானதல்ல. அவருடைய தாய் இந்த ஆலையில் கம்பளி கழுவியவர். போர் முடிந்து இரண்டாவது குளிர்காலம், 1947 ஜனவரி நடுப்பகுதியில், நிலக்கரி முடிந்துவிட்டது என்று ஆலை மூடப்பட்டது. கழுவ வெந்நீர் வேண்டும், சாயத்துக்கு நீராவி வேண்டும். நிலக்கரி வெளிநாட்டிலிருந்து பங்கீட்டில்தான் வந்தது. ஆறு கிழமை வேலையில்லை, சம்பளமுமில்லை. அவர் பிறந்தது அந்த ஆறு கிழமைக்குள்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிலாளர் குடியிருப்பில், கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி உறைந்த அறையில். எல்லா இடத்திலும் தட்டுப்பாடு, ஆலைக்காரர் என்ன செய்வார்கள் என்றுதான் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிவரூபினி நாடாவின் முனையைப் பிடித்தாள். ஏழு மீற்றர் நீளம், நான்கு அகலம். சுவரில் படிந்திருந்த கறுப்புக் கோட்டிலிருந்து பழைய உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். சராசரி ஒன்றரை மீற்றர். அளந்துகொண்டிருக்கும்போதே உள்மூலையில் பலகையொன்றில் ஆணியடித்திருந்த மட்டையை அவள் கண்டாள். ரயில் பெட்டிகளில் தொங்கவிடும் சீட்டு. புறப்பட்ட இடம் போலந்து, எல்லை கடந்தது பாசலில், திகதி 1946 ஒக்டோபர் 11. பூர்கி அதைக் கையில் வாங்கவில்லை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் பெருக்கினார். ஏறக்குறைய முப்பத்து நான்கு தொன். கொதிகலன் நாளொன்றுக்குத் தின்றது தொள்ளாயிரம் கிலோ என்று பழைய ஆலைப் பதிவு ஒன்றில் அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைகளை விட்டால் ஆறு கிழமைக்குக் காணும்" என்றார். "இரண்டு நாள் மிஞ்சும்."

அன்றிரவு சாப்பிடும்போது அவள் ரவீந்திரனுக்கு இதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவன் தட்டைத் தள்ளி வைத்தான். யுத்தம் நடந்த சொந்த ஊரில், படுவான்கரையில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவள் அவள். முடிந்துபோச்சு என்று கடைக்காரர் கையை விரித்ததும், அம்மா போத்தலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வெறுமனே நடந்ததும், அந்தக் கடையின் மா மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பீப்பாய் இருந்தது பிறகொருநாள் குண்டு விழுந்து எரிந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்ததும் அவனுக்குத் தெரியும். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரியைப் பற்றி அவன் ஒருபோதும் சிரிக்கவில்லை.

பழங்கட்டட அலுவலகம் கடைசியாக நவம்பர் பதினேழாம் திகதி வந்தது. இளம்பெண் ஒருத்தி, கமெராவோடு. ஃபிராவ் கேகியும் சூரிச்சிலிருந்து வந்திருந்தார். கட்டடத்தின் பெரும் பங்கு இன்னும் ஆலைக் குடும்பத்திடமே இருந்ததால், பழைய முதலாளியின் பேரன் ஹெர் வில்டிசனும் வந்தார். அறுபது கடந்தவர், மென்மையாகக் கதைப்பவர், எல்லோருக்கும் கை கொடுத்தவர், அவளுக்கும் கொடுத்தார். பூர்கியை யாரும் அழைக்கவில்லை. அவர் படியில் காத்திருந்து கூட்டத்தோடு இறங்கினார். சிவரூபினிக்கு விளக்குப் பிடிக்கும் வேலை.

பூர்கி தன் கணக்கைச் சொன்னார். சீட்டைக் காட்டினார். வாசல் பலகையில் தட்டுப்பாட்டால் ஆலை மூடப்பட்டது என்று இருப்பதை மாற்ற வேண்டும் என்றார். ஃபிராவ் கேகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வில்டிசன் மறுக்கவில்லை. அதுதான் சிவரூபினிக்கு வியப்பாக இருந்தது. தாத்தாவின் கடிதப் பிரதிகளை இந்த மாதம் வாசித்தேன் என்றார். கையிருப்பு எதுவும் இல்லை என்று 1946 நவம்பரிலேயே நிலக்கரிப் பங்கீட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். இருக்கிறது என்று எழுதினால் அடுத்த பங்கை வெட்டிவிடுவார்கள். வசந்தகாலத்தில் பெரிய சாயவேலை ஒன்று வரவிருந்தது, அதற்கென்று ஒளித்து வைத்திருக்கிறார். வசந்தத்தில் புதுக் கரி வந்துவிட்டது. இல்லையென்று சொன்னதை அதற்குப் பிறகு எப்படி வெளியே எடுப்பது? சுவரைக் கட்டிவிட்டார். சில வருடத்தில் ஆலை எண்ணெய்க்கு மாறியது.

"கடினமான காலம் அது" என்றார் வில்டிசன். "எல்லோருக்கும் இல்லாமல்தான் இருந்தது. இன்று நாம் தீர்ப்புச் சொல்வது சுலபம்."

ஃபிராவ் கேகி, அப்படியானால் அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்று தொடங்கினார். ஆறு கிழமையாகப் படி துடைத்தவளுக்கு, இரண்டு கடிதங்களுக்கு நடுவில் நின்றவளுக்கு, பேசாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்க அதற்கு மேல் முடியவில்லை.

"மன்னியுங்கள், எல்லோருக்கும் இல்லாமல் இருக்கவில்லை" என்றாள் சிவரூபினி. ஜெர்மன் வார்த்தைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். "இங்கே இருந்தது. இல்லையென்று சொன்னார்கள். நானும் யுத்தத்திலிருந்து வந்தவள். இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து குளிரலாம். இருந்தும் இல்லையென்று சொன்னால், ஒரு பக்கத்தார் மட்டும்தான் குளிரவேண்டும். ஹெர் பூர்கியின் அம்மாவை அந்த வசனத்துக்குள் போடாதீர்கள்."

ஃபிராவ் கேகி திரும்பி அவளைப் பார்த்தார். ஹவுஸ்வார்ட் கதைப்பதை அவர் போனில் மட்டுமே கேட்டிருந்தார். வில்டிசன் விளக்கு வெளிச்சத்தில் சீட்டை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, நீங்கள் சொல்வது சரி, ஆனால் பலகையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றார். கமெராக்காரப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள். பூர்கி நாடாவைச் சுருட்டினார். சுருட்டி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று அவள் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள், நல்லவேளை நினைக்கவில்லை. கரியை எடுக்கலாம் என்று பழங்கட்டட அலுவலகம் எழுதியது. செங்கல் சுவரில் ஒரு மீற்றர் அகலத்தை அப்படியே விடவேண்டும் என்றும் எழுதியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நீராவி ரயில் ஓட்டும் சங்கமொன்று கரியைக் கேட்டது. வந்து பார்த்துவிட்டு, கைமுட்டியளவு கட்டிகள் மட்டும் போதும், தூள் வேண்டாம் என்றது. எட்டுக் கிழவர்கள் மூன்று நாள் இருந்து கட்டி பொறுக்கினார்கள். அவர்களுக்குக் கழிப்பறை எங்கே, தேநீர் எங்கே என்பதும் அவள் பொறுப்பானது. மிஞ்சிய தூளை எரிக்கும் நிலையம் எடுத்தது, ஆய்வறிக்கையின் இரண்டாவது பிரதியும் கிடைத்த பிறகு. கொத்தனார் திரும்பி வந்து, தான் கழற்றி வைத்த கருவிப்பெட்டி எங்கே என்று கேட்டார்.

டிசம்பர் பதின்மூன்றாம் திகதி புதிய வெப்பமூட்டி ஓடியது. பதினான்காம் திகதி காலையில், வீடு மிகவும் சூடாக இருக்கிறது என்று இரண்டாம் மாடியிலிருந்து முறைப்பாடு வந்தது.

அலுவலகத்தின் அறிக்கை ஜனவரியில் வந்தது. பூர்கி அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்தார். முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த தேநீரில் சீனி கூடிவிட்டது என்று சொல்லவும் செய்தார். நாற்பது பக்கத்தில் ஒரு வசனம்தான் விடயம். 'பதிவு செய்யப்படாத கையிருப்பு ஒன்று இருந்த நிலையில், 1947இல் ஆறு வார உற்பத்தி இடைநிறுத்தம் நிகழ்ந்தது.' நிகழ்ந்தது என்ற சொல்லின் கீழ் அவர் கோடு போட்டிருந்தார். மழை பெய்தது என்பதுபோல எழுதியிருக்கிறார்கள் என்றார். மறுபடியும் எழுதப் போவதாகவும், இது பதினான்காவது கடிதம் என்றும் சொன்னார். எழுதுங்கள் என்றாள் அவள். அதைத் தவிர அவருக்கு வேறென்ன சொல்ல முடியும் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு அதுவே போதும் போலவும் இருந்தது.

அவர் போன பிறகு அவள் மேசையில் உட்கார்ந்து, நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டிய வருடாந்தப் படிவத்தை நிரப்பினாள். விளக்கு மாற்றியது எத்தனை, பூட்டுப் பழுது எத்தனை. 'விசேட நிகழ்வுகள்' என்ற கட்டத்துக்கு மூன்று வரிகள்தான் இருந்தன. தாளைப் பின்பக்கம் திருப்பி எழுதினாள். ஒக்டோபர் 1946இல் வந்த முப்பத்து நான்கு தொன் நிலக்கரி வடக்குச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. இல்லையென்று சொல்லி முதலாளி வில்டிசன் ஆலையை ஆறு கிழமை மூடினார். கம்பளி கழுவிய பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அந்தக் கரி யாருக்கும் உதவவில்லை. 2022இல் வெளியே எடுத்தோம்.

கிழமைக்கடைசிக்கு வந்திருந்த ஹரிஷா தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"அம்மா, ரெண்டு இடத்திலை ஜெர்மன் வேற்றுமை பிழைச்சிருக்கு. திருத்தித் தரட்டோ?"

"விளங்குதோ, இல்லையோ?"

"விளங்குது."

"அப்ப விடு."

மறுநாள் தபாலில் போட்டாள். பத்து நாளில் ஃபிராவ் கேகியின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. படிவம் கிடைத்தது, நன்றி. பின்பக்கம் எழுதப்படுபவை கணினியில் பதிவாவதில்லை. இனிமேல் முன்பக்கத்தை மட்டும் பயன்படுத்தவும். மேலும், வடக்குப் படிக்கட்டில் இன்னும் கறுப்புத் தடம் இருப்பதாகக் குடியிருப்பாளர் ஒருவர் அறிவித்துள்ளார். துடைத்து முடித்த பின் படம் எடுத்து அனுப்பவும்.

சிவரூபினி வாளியை எடுத்தாள்.